மரியாதை என்கிற பிணை

அதிகாரம் என்றாலே வாளும் சிறையும்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். தொகுகாவா ஷோகன்கள் கையாண்டது வேறு. 1600இல் செகிகஹாராவில் ஜெயித்த இயேயசு, எதிரணியில் நின்ற சோஷுவின் நிலத்தைப் பெரிதும் வெட்டினார். சத்சுமாவின் நிலத்தில் கைவைக்க முடியவில்லை. மொத்தம் சுமார் 260 பிரபுக்கள். ஆளுக்கொரு படை, ஆளுக்கொரு கஜானா. 1615 சட்டப்படி இவர்கள் தெரிவிக்காமல் கோட்டையைப் பழுதுபார்க்கக் கூடாது, இஷ்டத்துக்குச் சம்பந்தம் பேசக் கூடாது. 1635இல் இயெமித்சு இன்னும் ஒருபடி மேலே போனார்: பெரும்பாலோருக்கு ஓராண்டு சொந்த ஊர், மறு ஆண்டு எடோ. மனைவியும் வாரிசும் எடோவிலேயே. பெயர் என்னவோ மரியாதை செலுத்துதல், காரியத்தில் பிணை.

பெருவழிச் சாவடிகளில் முக்கியமாகத் தேடியது இரண்டை: எடோவுக்குள் நுழையும் துப்பாக்கி, எடோவிலிருந்து வெளியேறும் பெண். இரண்டும் ஒரே கணக்கில்தான் வைக்கப்பட்டன.

பிரபுக்களிடம் ஷோகன் வழக்கமான வரி கேட்கவில்லை. ஊர்வலத்திலும் எடோ மாளிகைகளிலும் அவர்களாகவே செலவழித்துக் கரைந்தார்கள். அந்தப் பணமோ விவசாயி அளந்த நெல். இரண்டரை நூற்றாண்டு 'அமைதி' என்று எழுதுகிறவர்கள் அந்த நெல்லையும் கணக்கில் சேர்க்கட்டும்.

1862இல் விதியைத் தளர்த்தினார்கள். குடும்பங்கள் ஊர் திரும்பின. 1868இல் சத்சுமாவும் சோஷுவும் முன்னணியில் நிற்க, எடோ பணிந்தது.