தூரக் கணக்கில் வராதவர்கள்

கூடங்குளம் பற்றிப் பேசும்போது நாம் முதலில் தூரத்தைத்தான் கேட்கிறோம். உலையிலிருந்து இடிந்தகரை எத்தனை கிலோமீட்டர்? விபத்து நடந்தால் மக்களை எப்படி வெளியேற்றுவார்கள்? நியாயமான கேள்விகள்தான். ஆனால் நெய்வேலியின் வரலாறு இன்னொன்றையும் கேட்கச் சொல்கிறது: ஆலைக்குள்ளேயே நின்று வேலை செய்பவருக்கு எது பாதுகாப்பான தூரம்?

1935இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி தென்பட்டது. 1956இல் நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல் மின் நிலையம் 1962இல் மின்சாரம் தந்தது. வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு இது.

நாம் சேரியிலிருந்து தொடங்குவோம். அன்று நிலம் எடுக்க இருந்தது 1894ஆம் ஆண்டுச் சட்டம். இழப்பீடு பட்டாவைப் பார்த்து வந்தது. அதே நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த தலித் கூலிகளிடம் பட்டா ஏது? வயல் போனதும் பிழைப்பும் போனது. காகிதத்திலோ அவர்கள் எதையும் இழக்கவில்லை. நிலமற்ற கூலிக் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பமே என்று சட்டம் எழுத 2013 வரை ஆனது. இதற்கிடையில் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பலர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக அந்த வளாகத்துக்குள் போனார்கள்.

2020 மே 7 அன்று இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 1 அன்று அதே நிலையத்தின் இன்னொரு அலகில் மீண்டும் வெடிப்பு. அன்றே 6 பேர் இறந்தார்கள். ஆறு பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். தீக்காயமடைந்தவர்களில் மேலும் சிலர் அடுத்தடுத்த நாட்களில் மருத்துவமனையில் இறந்தார்கள்.

கொதிகலனும் அணு உலையும் ஒன்றல்ல. தீக்காயம் அன்றே தெரிந்துவிடும். கதிர்வீச்சின் பாதிப்பு வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் ஒப்பந்தம் முடிந்து, ஒப்பந்தக்காரரும் மாறியிருப்பார். அந்த நோயாளிக்கு அப்போது யார் பொறுப்பு?

அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது, 1943இல் தன்பாத் பகுதி நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். வெளியே நின்று பாதுகாப்பை அளக்கவில்லை. தோழர்களே, அடுத்த முறை ஓர் ஆலை பாதுகாப்பானது என்று யாராவது சொன்னால், கிலோமீட்டரோடு நிறுத்தாமல் இதையும் கேட்போம்: உள்ளே யார்? அவர் நிரந்தரத் தொழிலாளியா, ஒப்பந்தமா? அவர் குடும்பம் அந்த மண்ணில் எதை இழந்தது?