பாசியில் பொதிந்த சினை

பட்டாணியைவிடச் சிறியது. வெளிறிய ஆரஞ்சு நிறம், உள்ளங்கையில் வைத்தால் உருண்டோடும். பழுப்பு ட்ரவுட் மீனின் சினைமுட்டை அது. 1864 ஜனவரி 21 அன்று லண்டன் துறையை விட்டு ‘நார்ஃபோக்’ என்ற பாய்மரக் கப்பல் கிளம்பியபோது, அதன் ஐஸ் அறைக்குள் இப்படி ஏறக்குறைய 3,000 முட்டைகள் இருந்தன. கப்பலில் இடம் பிடித்தது அவற்றுக்காக அல்ல, சால்மனுக்காக. சுமார் ஒரு லட்சம் சால்மன் முட்டைகளை டாஸ்மேனியாவில் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ட்ரவுட் கூடவே ஏற்றிய சிறு பொதி. ஹாம்ப்ஷையரின் இட்சன் ஆறு போன்ற தெளிந்த ஆறுகளில் எடுத்த சினையை மீன்வளர்ப்பில் ஈடுபட்டிருந்த ஃபிராங்க் பக்லண்டும் ஃபிரான்சிஸ் ஃபிரான்சிஸும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள்.

இதற்கு முன் 1852, 1860, 1862 என்று மூன்று முயற்சிகள் தோற்றிருந்தன. வழியில் நிலநடுக்கோடு கிடக்கிறதே! பத்து டிகிரி குளிர்ந்த நீரில் ட்ரவுட் முட்டை சுமார் 40 நாளில் பொரித்துவிடும். பாய்மரக் கப்பலோ மூன்று மாதம் போகும். தண்ணீர் ஓடும் தட்டுகளில் முட்டைகளை வைத்தார்கள். கப்பல் ஆடியது, ஐஸ் கரைந்தது, முட்டைகள் செத்தன. ஆனால் 1862-இல் போன ‘பியூட்டிஃபுல் ஸ்டார்’ கப்பலில் ஒரு சின்னப் பெட்டி மட்டும் வேறு விதமாகப் போயிருந்தது. ஈரப் பாசியில் முட்டைகளைப் பொதிந்து, அந்தப் பெட்டியை ஐஸ் அறையிலேயே போட்டிருந்தார்கள். ஓடும் நீரில் இருந்தவற்றைவிட அந்த முட்டைகள்தான் அதிக நாள் உயிரோடு இருந்தன.

முட்டைகளை அனுப்பும் வேலையை முன்நின்று நடத்திய ஜேம்ஸ் யூல் அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடம் இதுதான். முட்டைக்கு வேண்டியது ஓடும் நீரல்ல, ஈரமும் குளிரும் அசையாமையும்தான் என்பதை ஒரு தோல்வியின் மிச்சத்திலிருந்து அவர் படித்தார். லண்டனில் ஒரு ஐஸ் கம்பெனியின் நிலவறையில் பெட்டிகளை மாதக்கணக்கில் வைத்துச் சோதித்தார். பிறகு பைன் பலகைப் பெட்டிகளில் கரித்தூள், அதன்மேல் பாசி, பாசிமேல் முட்டை, மறுபடியும் பாசி என்று அடுக்கிக் கப்பலேற்றினார். குளிர் வளர்ச்சியைக் கொல்லவில்லை, தாமதப்படுத்தியது. முட்டைக்குள் காலம் ஏறத்தாழ நின்றே போயிற்று.

ஏப்ரலில் கப்பல் மெல்பர்ன் சேர்ந்தது. அங்கிருந்து வேறொரு கப்பலில் ஹோபார்ட்டுக்கு, அப்புறம் பிளெண்டி ஆற்றங்கரையில் தயாராக இருந்த குளங்களுக்கு. மே 4 அன்று முதல் ட்ரவுட் பொரித்தது. வடக்கின் குளிர்காலத்தில் இட்ட சினை, தெற்கின் குளிர்காலம் தொடங்கும்போது கண் திறந்தது. பிழைத்தவை சுமார் 300. 1866-இல் அவை தாமே சினையிட்டன. அடுத்த ஆண்டே அவற்றின் முட்டைகள் நியூசிலாந்துக்குப் போயின. யாருக்காக இத்தனை பாடோ அந்தச் சால்மன் வளர்ந்து கடலுக்குப் போயிற்று, திரும்பிவந்து ஆறுகளில் நிலைக்கவில்லை. கூடவந்த பொதிதான் நிலைத்தது.

நீலகிரியிலும் இதே வெப்பத்தோடு மோதல் நடந்தது. இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஃபிரான்சிஸ் டே 1860-களில் ட்ரவுட் கொண்டுவர முயன்று தோற்றார். 1907-இல் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்த பிறகே கைகூடியது. ஆனால் அங்கே நிலைத்தது வானவில் ட்ரவுட். வட அமெரிக்காவின் பசிபிக் பக்கத்து மீன் அது, அதன் பயணம் வேறு.

டாஸ்மேனியாவில் இறக்கிய மீனை மேட்டுநில ஏரிகளில் விட்டார்கள். அங்கே அது பெருத்தது. முன்பு ட்ரவுட் மேயாத தண்ணீர், நத்தையும் இறாலும் பூச்சிப்புழுவும் நிறைந்த தண்ணீர். இன்று அந்த மேட்டுநிலத்து லிட்டில் பைன் ஏரியில் இறகும் நூலும் சுற்றிய முள்ளை வீசிக்கொண்டு நிற்பவர்களின் முதல் கேள்வி, ‘எவ்வளவு பெரிசு?’ என்பதுதான். தண்ணீருக்குள் பார்த்துச் சொன்னால் கண் ஏமாற்றும். நேர் மேலிருந்து பார்க்கையில் ஆழம் முக்கால் பங்காகவே தெரியும், மீன் கிட்ட வந்ததுபோல் தடித்துக் காட்டும். ஆகவே அனுபவசாலிகள் உடம்பைப் பார்ப்பதில்லை. விளிம்புச் சேற்றில் தலைகீழாய் மேயும் மீனின் வால் வெளியே ஆடும், அந்த வாலின் அகலத்தைப் பார்ப்பார்கள். மேலே வந்து பூச்சி விழுங்கும்போது மூக்கு மறைந்து முதுகுத் துடுப்பு எழ எவ்வளவு நேரம் என்று பார்ப்பார்கள்.

பிடித்த பிறகு நீளத்தைச் சுற்றளவின் வர்க்கத்தால் பெருக்கி 800-ஆல் வகுப்பார்கள். அங்குலத்தில் அளந்தால் பவுண்டில் எடை கிடைக்கும். 20 அங்குல மீனுக்குச் சுற்றளவு 11 அங்குலம் என்றால் எடை மூன்று பவுண்டு, சுமார் 1.4 கிலோ. சுற்றளவு ஒன்பதரை என்றால் இரண்டேகால் பவுண்டு, ஒரு கிலோ. நீளம் ஒன்றுதான், ஆனால் சுற்றளவு இரண்டு முறை பெருக்கலில் வருவதால் ஒன்றரை அங்குலம் மெலிந்தாலே கால் பங்கு எடை போய்விடுகிறது. நான் மீனை நாடாவால் மட்டும் அளந்து நிறுத்திவிடுபவர்களோடு ஒத்துப்போவதில்லை. பிடித்தோம் என்ற பேருக்கு நீளம் போதும். தண்ணீர் அதற்கு என்ன கொடுத்தது என்று தெரிய வயிற்றைச் சுற்றித்தான் அளக்கவேண்டும். செதிலைப் பிய்த்துப் பார்த்தால் மரத்தைப் போல வளையங்கள். குளிர்காலத்தில் நெருக்கம், செழிப்பில் இடைவெளி.

அந்தச் செழிப்புக்கு விலை கொடுத்தது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். டாஸ்மேனியாவின் நன்னீரில் காலக்சியாஸ் என்ற செதிலில்லாத சிறு மீன்கள் பல வகை வாழ்ந்தன. ட்ரவுட் அவற்றைத் தின்றது, இரையையும் பறித்தது. சில வகைகள் இன்று ட்ரவுட் ஏறமுடியாத அருவிக்கு மேலே மட்டும் உள்ளன. அந்த வகைகளில் ஒன்றான பெடர் காலக்சியாஸின் ஏரி 1972-இல் அணைநீரில் மூழ்கியது, ட்ரவுட் அதற்குள்ளும் பெருகியது. அந்த மீன் தன் சொந்த ஏரியில் இப்போது இல்லை. கடைசியில் மிஞ்சிய சிலவற்றை மனிதர்கள் பிடித்து, மலைமேல் மீனே இல்லாத ஓபரான் ஏரிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அது இன்னும் இருக்கிறது. விரல்நீள மீன், ட்ரவுட் வராத தண்ணீர்.