மலிவு எரிபொருளின் ஆயுள்

திருநெல்வேலியில் கார் வாங்க நினைக்கும் குடும்பத்தில் நிறமும் கம்பெனியும் இரண்டாவது பேச்சு. முதல் பேச்சு பெட்ரோலா, டீசலா, சி.என்.ஜி.யா, கரண்ட்டா என்பதுதான். திருச்செந்தூருக்கும் குற்றாலத்துக்கும் நாகர்கோவிலுக்கும் வருடத்தில் எத்தனை தடவை போய்வருவோம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும், சர்வீஸுக்கு எவ்வளவு ஆகும், ஐந்தாறு வருடம் ஓட்டி விற்றால் என்ன விலைக்குப் போகும் என்று தாளில் கூட்டிக் கழிக்கிறார்கள். யானையை வாங்கிவிடலாம், கட்டித் தீனி போடுவதுதான் பாடு என்பதை நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். ஆனாலும் அந்தத் தாளில் ஓர் எண் ஏறக்குறைய எப்போதும் விடுபட்டுப் போகிறது. இன்றைக்கு மலிவாக இருக்கும் எரிபொருள் எத்தனை வருடம் மலிவாக இருக்கும் என்பதே அந்த எண். தாமிரபரணிக் கரையில் மாட்டுவண்டி முதல் மின்கார் வரை ஓடிய வண்டிகளின் வரலாற்றைப் பார்த்தால், எரிபொருள் எங்கிருந்து வந்தது, அதன் விலை யார் கையில் இருந்தது என்ற இரண்டுமே ஓட்டும் செலவைப் பெரிதும் தீர்மானித்திருக்கின்றன. இன்ஜினின் திறமைக்கு அதில் சிறு பங்குதான். மலிவுக்கு ஓர் ஆயுள் உண்டு. அதைக் கேட்காமல் வண்டி வாங்குகிறவர் பாதிக் கணக்கோடு நின்றுவிடுகிறார் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மோட்டார் வருவதற்கு முன் இந்த மண்ணில் வண்டிக்கான எரிபொருள் வயலில் விளைந்தது. காரும் பிசானமுமாக இருபோகம் காணும் ஆற்றுப்பாசனத்தில் வைக்கோலுக்கும் தவிட்டுக்கும் குறைவில்லை. வடக்கே கரிசல் காட்டிலிருந்து பருத்திக்கொட்டை வந்தது, செக்கடியிலிருந்து புண்ணாக்கு வந்தது. லாடம் கட்டுவது, சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவது, அச்சுக்கு மை இடுவது என்று வண்டிக்காரர் கையிலிருந்து ரொக்கமாகப் போனது கொஞ்சம்தான். பாளையங்கோட்டைக்கு ஆற்றைக் கடக்கும் சிரமத்தையும் 1843இல் திறந்த பாலம் தீர்த்துவைத்தது. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிக்கொடுத்த அந்தப் பாலத்தை ஊர் இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறது. இப்படி எல்லாம் உள்ளூரிலேயே கிடைத்த காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அந்த எரிபொருளுக்கும் இரண்டு குறைகள் இருந்தன. வேலை இல்லாத நாளிலும் மாடு தின்னும். மழை பொய்த்தால் தீவனமும் பொய்க்கும். சென்னை மாகாணத்தை 1876–78இல் பிடித்த பெரும் பஞ்சத்தில், தானிய மூட்டையை ஊருக்கு ஊர் கொண்டுசேர்க்க வண்டி மிக அவசியமான அந்த நேரத்தில், இழுக்க வேண்டிய மாடுகள் தீவனமின்றி மடிந்தன. உள்ளூர் எரிபொருளின் மலிவு மழையின் கையில் இருந்தது.

பெட்ரோல் இந்த இரண்டு குறைகளையும் போக்கியது. நிற்கும் மோட்டார் எதையும் தின்பதில்லை. மழை பொய்த்தாலும் பெட்ரோல் டின் வந்து சேரும். நாங்குநேரிப் பக்கம் திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் பேருந்துத் தொழிலில் இறங்கி, மதுரையை இருப்பிடமாகக் கொண்டு தென்மாவட்டங்களின் மோட்டார் போக்குவரத்துக்கு அடித்தளம் போட்டார். வண்டிக்காரர் ஒரு நாள் முழுக்கக் கடந்த தூரத்தைப் பஸ் சில மணி நேரத்தில் கடந்தது. சாலையில் ஆங்காங்கே நிறுத்திச் சுங்கம் வாங்கும் வழக்கத்தையும் 1931ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் ஒழித்து, அதற்குப் பதிலாக வண்டிக்கு வரி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வேகம், நேரம், கணக்கின் தெளிவு ஆகிய மூன்றிலும் மோட்டார்தான் வென்றது. ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் மாறியிருந்தது. நேற்றுவரை பக்கத்து வயலில் விளைந்த எரிபொருள், இப்போது பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் கப்பலேறி வந்தது. மழையின் கையிலிருந்த விலை, கடல்வழியின் கைக்குப் போனது. கடல்வழி திறந்திருந்த வரையில் அந்த மாற்றத்தை யாரும் செலவாக எழுதவில்லை.

எழுத வேண்டிய நாள் இரண்டாம் உலகப்போரில் வந்தது. 1941இல் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழ, மலாயாவின் ரப்பர் நின்றது. மார்ச்சில் ரங்கூன் விழுந்தது; பின்வாங்கிய பிரிட்டிஷார் பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளைத் தாங்களே அழித்துவிட்டு வந்தார்கள். பெட்ரோலும் டயரும் ஒரே சமயத்தில் அரிதாயின. அப்போது சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் செய்த இரண்டு காரியங்களை ஓட்டும் செலவின் வரலாற்றில் தனியாகக் குறிக்க வேண்டும். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டி மறுபடி ஓடவைக்கும் ஆலையைத் தொடங்கியது ஒன்று. பெட்ரோலுக்குப் பதில் மரக்கரியில் வண்டியை ஓட்டும் கரிவாயுக் கருவியைத் தயாரித்தது மற்றொன்று. பஸ்ஸோடு பொருத்திய உயரமான இரும்பு உருளைக்குள் கரியைக் கொட்டி, காற்றை அளந்து விட்டு எரிப்பார்கள். போதிய காற்றில்லாமல் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு கிளம்பும். அதைக் குளிரவைத்து, சாம்பலையும் தூசியையும் வடிகட்டி, இன்ஜினுக்குள் அனுப்புவார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கரி பிடிக்கும். வேலமரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கத் தெரிந்த சீமை இது. எரிபொருளுக்காகக் கப்பலை எதிர்பார்த்திருக்க வேண்டிய நிலை அதோடு தளர்ந்தது.

கரி பஸ்ஸை வெறும் போர்க்காலக் கட்டாயம் என்று ஒதுக்கிவிடலாம். போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் அது போய்விட்டதே, அதிலிருந்து இன்றைய கார்க்காரர் கற்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கரிவாயு போனதற்குத் தகுந்த காரணங்கள் இருந்தன. கனலை ஊதி வாயு பிடிக்கும்வரை வண்டி கிளம்பாது. பெட்ரோலில் கிடைத்த இழுவையில் கணிசமான பங்கு குறையும், ஏற்றத்தில் திணறும். வடிகட்டியை ஓயாமல் சுத்தம் செய்ய வேண்டும். கசிந்த வாயுவைச் சுவாசித்தால் உயிருக்கே ஆபத்து. கரிக்காக மரங்களும் போயின. அதாவது, கரியின் விலை கையில் கொடுத்த காசோடு முடியவில்லை. ஆள் உழைப்பாகவும் நேரமாகவும் காடாகவும் மீதியை வாங்கிக்கொண்டது. நம் வாதத்துக்கு இது வலு சேர்க்கிறது. தூரத்து எரிபொருள் பணத்தைக் கேட்கிறது, உள்ளூர் எரிபொருள் உழைப்பைக் கேட்கிறது, இரண்டுமே ஏதோ ஒரு நாள் விலையை மாற்றுகின்றன. கரி பஸ் ஓடிய நாலைந்து வருடங்கள் காட்டிய உண்மை இதுதான்: பெட்ரோல் மலிவாக இருந்தபோது அந்த மலிவுக்குள் ரங்கூனின் பாதுகாப்பும் அடங்கியிருந்தது, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அதே போர்க்காலத்தில் பள்ளத்தாக்கின் மேல்முனையில் இன்னொன்று நடந்தது. பாபநாசத்தில் ஆறு மலையிலிருந்து இறங்கும் விசையை ஹார்வி சகோதரர்களின் விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலை 1880களிலிருந்தே பயன்படுத்தி வந்தது. 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. சாலையில் கரிப்புகையோடு பஸ் திணறிக்கொண்டிருக்க, ஆறு தந்த மின்சாரம் ஆலைக்கும் விளக்குக்கும் பம்புசெட்டுக்கும் போனது. அந்த மின்சாரத்தை வண்டியில் சுமந்து செல்லத் தகுந்த பேட்டரி அன்று இல்லை. மின்சாரமும் வண்டியும் சந்திக்க இன்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகவேண்டியிருந்தது.

இடைப்பட்ட காலம் டீசலுடையது. 1950களில் டாட்டாவும் அசோக் லேலண்டும் டீசல் வண்டிகளை இங்கேயே செய்யத் தொடங்கின. 1974இல் திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் உருவானது. பஸ், லாரி, பம்புசெட், மீன்பிடி விசைப்படகு எல்லாம் டீசலை நம்பியதால், அதன் விலையை அரசு திட்டமிட்டுத் தாழ்த்தி வைத்தது. எளியவர்களின் பயணத்துக்காகவும் விளைச்சலுக்காகவும் வைத்த அந்த மலிவு கார்க்காரருக்கும் கிடைத்தது. 2010 ஜூனில் பெட்ரோலின் விலைக் கட்டுப்பாட்டை மட்டும் விலக்கி டீசலை விட்டுவைத்தபோது இடைவெளி விரிந்தது. 2012 மே மாதத்தில் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய்க்குள். டீசல் காருக்கு மாதக்கணக்கில் காத்திருந்து, லட்ச ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கினார்கள். அடுத்த ஜனவரியிலிருந்தே டீசல் மாதம் 50 காசு வீதம் ஏறத் தொடங்கியது. 2014 அக்டோபரில் கட்டுப்பாடு முழுவதும் நீங்கியது. 2020 ஜூனில் டெல்லியில் டீசல் பெட்ரோலையே மிஞ்சியது. அதே ஆண்டு மாருதி டீசல் கார் செய்வதை நிறுத்தியது. எட்டு வருடம்தான். ஒரு காரின் ஆயுளைவிடக் குறைவு. டீசல் இன்ஜின் இந்த எட்டு வருடத்தில் எந்தத் திறமையையும் இழக்கவில்லை. அதன் மலிவைக் கொடுத்த கை அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது, அவ்வளவே.

எத்தனால் கலந்த பெட்ரோலின் கதையும் இதையொட்டியதுதான். பெட்ரோலில் எரிசாராயம் கலப்பதற்கு 1948லேயே இந்தியாவில் சட்டம் வந்தது. நடைமுறையில் பெரிதாக எதுவும் நடக்காமல் 2000இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. இன்று 20 சதவீதக் கலப்பு நாடெங்கும் வந்துவிட்டது. வெளிநாட்டுக் கச்சா எண்ணெய்க்குக் கொடுக்கும் பணம் கரும்பு, மக்காச்சோளம் பயிரிடுகிறவருக்குப் போவது நல்லதே. ரங்கூன் பாடத்தைக் கற்ற நாடு செய்ய வேண்டிய காரியம். ஆனால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. இந்தக் கலப்புக்கென்று வடிவமைக்காத கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையக்கூடும் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு திட்ட அறிக்கையே சொல்லியது. பங்க்கில் விலை அதற்கேற்பக் குறையவில்லை. நாட்டுக்குக் கிடைக்கும் லாபத்துக்கான செலவில் ஒரு பங்கைப் பழைய கார் வைத்திருப்பவர் தாங்குகிறார் என்பதை மறைக்காமல் சொல்வதே நேர்மை.

இப்போது மின்கார் வந்து நிற்கிறது. இந்தப் பகுதிக்கு அது இயல்பாகவே பொருந்துகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் குற்றாலச் சாரலோடு அனுப்பும் காற்று, ராதாபுரம், பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில்தான் வந்தது. கூடங்குளத்தின் முதல் 1,000 மெகாவாட் அலகு 2013இல் மின்தொகுப்பில் இணைந்தது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறந்தது. தூத்துக்குடி, திருச்செந்தூர், தென்காசி எல்லாம் ஒரு சார்ஜில் போய்த் திரும்பும் தூரம். ஆனால் மின்சாரமும் மழைபோல் வானத்திலிருந்து இலவசமாக இறங்குவதில்லை என்ற எதிர்வாதம் சரியானது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கப்பலில்தான் வருகிறது. கட்டணத்தை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மாற்றலாம். வீட்டில் சார்ஜ் போட்டு இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளின் கட்டணமும் சேர்ந்து ஏறும். சாலைவரி விலக்கும் நாளை நீங்கலாம். டீசலுக்கு நேர்ந்தது மின்சாரத்துக்கு நேராது என்று யாரும் உறுதி தர முடியாது. ஒரே ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: பெட்ரோல் பெரும்பாலும் ஒரே வழியாக வருகிறது, மின்சாரம் ஆறு, காற்று, வெயில், அணு, நிலக்கரி என்று பல வழிகளில் வருகிறது. ஒரு ரங்கூன் விழுந்து அது முழுவதும் நின்றுவிடாது.

நாளைய விலையை யார் அறிவார், இன்றைய விலையை வைத்துத்தானே சாதாரணக் குடும்பம் முடிவெடுக்க முடியும் என்பது கடைசி எதிர்ப்பு. நாளைய விலையை ஊகிக்க வேண்டியதில்லை. இன்றைய இடைவெளி பாதியானால் நாம் தாங்குவோமா என்று பார்த்தால் போதும். கணக்குக்காகப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், மின்சாரம் யூனிட் 9 ரூபாய், யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர், மின்காருக்குக் கூடுதல் விலை 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வருடம் 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பெட்ரோல் 80,000 ரூபாய், மின்சாரம் 18,000 ரூபாய். மிச்சம் 62,000, கூடுதல் விலை ஐந்து வருடத்தில் திரும்பிவிடும். இடைவெளி பாதியானால் பத்து வருடம் ஆகும். 24,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் பாதி இடைவெளியிலும் ஐந்து வருடத்தில் கரையேறுவார். 5,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் வீட்டுக்கு இன்றைய விலையிலேயே பதினொரு வருடத்துக்கு மேல் ஆகும். அவர்கள் பெட்ரோல் காரோடு நிம்மதியாக இருக்கலாம். பாதி இடைவெளியிலும் நிற்கும் கணக்குதான் கணக்கு. 2012இல் டீசல் கார் வாங்கியவர்களில் நிறைய ஓடியவர்கள் தப்பித்ததும், கொஞ்சம் ஓடியவர்கள் நஷ்டப்பட்டதும் இந்தக் காரணத்தால்தான்.

இந்தக் கணக்கு தாமிரபரணிக் கரைக்குப் புதிதில்லை. பிசானத்துக்கு நாற்றுப் பாவும் முன் விவசாயி பாபநாசம் அணையில் எத்தனை அடி நீர் இருக்கிறது என்று கேட்கிறார். அந்த எண் மட்டும் அவருக்குப் போதாது. அது எத்தனை நாளைக்கு வரும், கடைசித் தண்ணீர் கதிர் முற்றும்வரை எட்டுமா என்பதையும் கேட்ட பிறகுதான் விதையைக் கையில் எடுக்கிறார். கார் வாங்குகிறவரும் பங்க்கில் தொங்கும் விலைப்பலகையை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அங்கே எழுதியிருப்பது இன்றைய நீர்மட்டம். ஓட்டப்போகும் பத்து வருடத்துக்கு அது எட்டுமா என்பதை அவரவரே கேட்டுக்கொள்ள வேண்டும்.