புனேயும் சைபர் தடயப் படிப்பும்

"பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிக்கப் போறான், சைபர் ஃபோரென்ஸிக்ஸ் படிக்கலாமா சார்?" புனே தமிழ்க் குடும்பங்களில் இப்போது இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. நான் பி.காம் படித்த வங்கிக்காரன். ஆனாலும் இந்த ஊரில் இந்தப் படிப்புக்கு மவுசு வந்த கதையில் பாதி வங்கிக் கதை என்பதால், தெரிந்ததைச் சொல்கிறேன்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் அமலுக்கு வந்தது 2000 அக்டோபர் 17. ஏஷியன் ஸ்கூல் ஆஃப் சைபர் லாஸ் புனேயில் தொடங்கியது 1999. சட்டம் வரும் முன்பே சட்டம் சொல்லித்தரப் பள்ளிக்கூடம்! 1988-லிருந்து இங்கிருக்கும் சி-டாக்கும் பிற்பாடு தன் டிப்ளமோவில் இதைச் சேர்த்தது.

ஆனால் இந்தச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் முதல் தண்டனை வாங்கித் தந்தது நம்ம சென்னை. 2004-ல், ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதிய வழக்கு. எழும்பூர் நீதிமன்றம் சில மாதங்களிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அடுத்த வருஷம் புனே. ஏப்ரல் 2005-ல், இங்கிருந்த ஒரு பிபிஓவின் ஊழியர்கள் அமெரிக்க சிட்டிபேங்க் வாடிக்கையாளர்களிடம் பேச்சுக் கொடுத்தே ரகசிய எண்களை வாங்கி, ஒன்றரைக் கோடி ரூபாய் போலப் புனே கணக்குகளுக்கு மாற்றினார்கள். பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று பார்த்தே பிடித்துவிட்டார்கள். எங்களுக்குப் பழகின வேலைதான்.

2018 காஸ்மாஸ் வங்கி விவகாரம் அப்படியல்ல. 1906-ல் தொடங்கிய கூட்டுறவு வங்கி. ஏடிஎம்மில் கார்டு போட்டால், ஸ்விட்ச் என்கிற கணினி வங்கிக் கணக்கைக் கேட்டுத்தான் 'கொடு' என்று சொல்லும். நடுவில் ஒரு போலி ஸ்விட்சை நுழைத்தார்கள். அது யார் கேட்டாலும் 'கொடு' என்றது. ஆகஸ்ட் 11 சனிக்கிழமை 28 நாடுகளில் சுமார் 78 கோடி, இந்தியாவில் இரண்டரைக் கோடி. திங்கட்கிழமை ஸ்விஃப்ட் வழியாக ஹாங்காங்குக்கு 13.92 கோடி. மொத்தம் சுமார் 94 கோடி. ஏப்ரல் 2023-ல் புனே நீதிமன்றம் 11 பேரைத் தண்டித்தது. போலிக் கார்டில் பணம் எடுத்த கூட்டத்தை ஏடிஎம் கேமரா காட்டிக்கொடுத்தது. போலி ஸ்விட்சை எழுதினவன்? ஐ.நா. நிபுணர் குழு 2019-ல் வட கொரியாவைக் கை காட்டியது. அவ்வளவுதான்.

இன்னொரு கூத்து. 2018-ல் ஒரு பிட்காயின் மோசடி வழக்கில் உதவப் புனே போலீஸ் இரண்டு வெளி நிபுணர்களை வைத்துக்கொண்டது. அந்தப் பிட்காயினையே தங்கள் பக்கம் திருப்பினார்கள் என்ற குற்றச்சாட்டில் 2022 மார்ச்சில் அவர்களே கைதானார்கள். வேலை தெரிந்தவர் துறைக்குள் இல்லாவிட்டால், வெளியாளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டியதுதான்.

போலீஸுக்கு மட்டும் படிப்பிருந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. வங்கியின் கணினிப் பிரதி கோர்ட்டுக்குப் போகும்போது கூடவே சான்றிதழ் போக வேண்டும் என்று 1891-ன் வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டத்தில் 2000-லேயே சேர்த்துவிட்டார்கள். அதில் கையெழுத்துப் போடுவது என்னைப் போன்ற மேனேஜர்தான். சான்றிதழ் இல்லாத மின்னணுப் பிரதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2014-லும், ஒரு மகாராஷ்டிரத் தேர்தல் வழக்கில் 2020-லும் சொல்லிவிட்டது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டப் படிவம் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை; ஒரு கமா மாறினாலும் எண் மாறிவிடும். படிவத்தின் இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்து வேண்டும். ஊர் ஊருக்கு அத்தனை நிபுணர்களுக்கு எங்கே போவது?

கள்ள நோட்டு பார்க்க எனக்குக் கிடைத்த வகுப்புகளுக்குக் கணக்கில்லை. இதற்குக் கிடைத்தது ஒரு மதியம்.

ஆகவே, பையன் தாராளமாகப் படிக்கட்டும். சி-டாக்குக்கு சி-கேட் நுழைவுத் தேர்வு உண்டு. குஜராத்தில் காந்திநகர் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமும் இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும், ஹார்ட் டிஸ்கைப் பிரதி எடுக்கச் சொல்லித் தருவதோடு, கோர்ட் கூண்டில் ஏறிப் பதில் சொல்லவும் பழக்குகிறார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.