வேர்டு பில்லில் ஒரு பைசா உதைக்குதா?

வீட்டிலிருந்தே பிசினஸ் பண்றீங்க. எக்ஸெல்லில் போட்ட கணக்கை வேர்டில் பேஸ்ட் பண்ணி, பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புறீங்க. கஸ்டமர் மொபைலில் கூட்டிப் பார்த்துட்டு, `ஒரு பைசா இடிக்குதே'ன்னு கேட்டா? ஒரு பைசாவுக்காக இல்லைன்னாலும், மொத்த பில் மேலேயே சந்தேகம் வந்துடும்.

35.30 ரூபாய் பொருள் மூணு வித்திருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். ஒவ்வொன்றுக்கும் 18% ஜி.எஸ்.டி 6.354 ரூபாய். பில்லில் தெரியறது 6.35. எக்ஸெல் அந்த 6.354-ஐ உள்ளே பத்திரமா வெச்சுக்கிட்டுத்தான் கூட்டும், மொத்தம் 19.06 காட்டும். வேர்டு டேபிளோ கட்டத்துல கண்ணுக்குத் தெரியற எண்ணை மட்டும்தான் படிக்கும். அதே வரியைக் கூட்டினா 19.05 வரும். கஸ்டமருக்கு வந்ததும் இதே 19.05தான்!

வரியை ஒவ்வொரு பொருளுக்கும் ரவுண்ட் பண்ணப் போறீங்களா, மொத்தத்துக்கு ஒரே தடவையான்னு முதல்ல முடிவு பண்ணிடுங்க. பொருள்வாரியா என்றால், எக்ஸெல்லில் ஒவ்வொரு வரிக் கணக்கையும் `ரவுண்ட்' ஃபார்முலாவுக்குள் போட்டு, தசம இடம் 2 எனக் கொடுங்கள். ஃபார்மேட்டில் தசமத்தைக் குறைப்பது வெறும் மேக்கப்தான், உள்ளே எண் மாறாது. மொத்தத்துக்கு என்றால், பொருள்வாரி வரிக் கட்டங்களைத் தூக்கிட்டு, 105.90-க்கு ஒரே வரியா 19.06 போடுங்க.

இன்னொண்ணு... கடைசி நேரத்தில் விலையை மாத்தினா, வேர்டு ஃபார்முலா தானா அப்டேட் ஆகாது. முழுசையும் செலக்ட் பண்ணி எஃப்9 தட்டிட்டு அனுப்புங்க.