சலங்கை சோறு போடுமா?

(வேடசந்தூர் பட்டிமன்றம். தலைப்பு: ‘ஆடற்கலை தருவது பேரா, பிழைப்பா?’ – ‘பிழைப்பே’ என்ற அணியில் பேசியது)



எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டார். “நம்ம ஊர்ல பொண்ணு மில்லுக்குப் போனா மாசம் பொறந்தா சம்பளம். சலங்கை கட்டிக்கிட்டுப் போனா என்ன வரும்? சால்வைதான் வரும்!” எல்லாரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். (சிரிப்பு) ஆனால் சரித்திரம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டாமா?

ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டினான். சுமார் 1014-ஆம் ஆண்டில், பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்களைக் கொண்டுவந்து குடியேற்றினான். ஆளுக்கு ஒரு வீடு. ஆண்டுக்கு 100 கலம் நெல். யார், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று பேரோடு கல்லில் வெட்டி வைத்தான். ஒருவர் இறந்தால் அடுத்த உறவினர் அந்த வேலையைப் பார்த்து நெல்லை வாங்கிக்கொள்ளலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான ஆளை அமர்த்த வேண்டும். சோறு போடுமான்னு கேட்டீங்களே தம்பி, நெல்லே அளந்திருக்கான்யா! (கைதட்டல்)

அப்புறம் என்ன ஆச்சு? ராஜ்யம் போச்சு, மானியம் சுருங்கிச்சு. பொட்டுக் கட்டுவது என்ற பேரில் சிறு பெண்களின் வாழ்க்கை சீரழிந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராடினார். 1947-இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் ஆட்டமும் சேர்ந்து போய்விடக் கூடாதே என்று இன்னொரு பக்கம் வக்கீல் இ. கிருஷ்ணய்யர் கவலைப்பட்டார். 1931-இல் சென்னை மியூசிக் அகாடமி மேடையில் கல்யாணி மகள்கள் ஆடினார்கள். 1935-இல், நம்ம மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடினார். அடுத்த ஆண்டே கலாக்ஷேத்ரா பிறந்தது. அதற்கு முன்னால் வீட்டுக்குள்ளே பூட்டி வைத்த வித்தை, திண்டுக்கல் பூட்டு மாதிரி. சாவி பரம்பரைக்காரர் கையில் மட்டும். அந்தப் பூட்டு திறந்தது. எந்த வீட்டுப் பெண்ணும் படிக்கலாம் என்று ஆனது.

இங்கேதான் ஐயா, மனசு வலிக்கிற இடம். சாவியைக் கொடுத்தவர்கள் யார்? பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, மயிலாப்பூர் கௌரி அம்மாள். ருக்மிணி தேவிக்கும் பாலசரஸ்வதிக்கும் கற்றுக் கொடுத்த கௌரி அம்மாள், கடைசிக் காலத்தை வறுமையில் கழித்து 1971-இல் மறைந்தார். கலைக்கு மரியாதை வந்தது. அதைக் காப்பாற்றி வைத்திருந்த கைக்கு நெல் வரவில்லை. இதைச் சொல்லாமல் ‘பிழைப்பு’ என்று நான் பேசினால் அது பாதிச் சரித்திரம்.

ஆனாலும் அந்தப் பரம்பரையிலேயே ஒருவர் நிமிர்ந்து நின்றார். வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி. அமெரிக்காவில் போய் ஆடினார், பாடம் நடத்தினார். 1973-இல் மியூசிக் அகாடமி அவருக்குச் ‘சங்கீத கலாநிதி’ பட்டம் கொடுத்தது. பாட்டுக்காரர் வாங்குகிற பட்டத்தை ஆடுகிற அம்மா வாங்கினார்! (கைதட்டல்)

பழசை மட்டும் ஆடினால்தான் சோறு என்றும் இல்லை. சந்திரலேகா பரதம் படித்தவர். பரதத்தோடு யோகத்தையும் களரிப்பயிற்றையும் சேர்த்து 1985-இல் ‘அங்கிகா’ கொண்டுவந்தார். ‘இது நாட்டியமா?’ என்று கேட்டவர்கள் உண்டு. நவீன நடனம் என்றாலே இன்றைக்கு அவர் பேரைச் சொல்லாமல் தாண்ட முடியாது.

மதுரை நர்த்தகி நடராஜைப் பாருங்கள். திருநங்கை என்பதால் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் குருகுலமாக இருந்து படித்தார். 2019-இல் பத்மஸ்ரீ. பெற்ற வீடு கதவடைத்தது, கற்ற வித்தை கதவு திறந்தது. இதைவிடப் பிழைப்பு வேற என்னய்யா வேணும்?

எதிரணி சொல்வதில் ஒன்று உண்மை. மேடை ஏறுகிற பெண், நட்டுவாங்கத்துக்கும் பாட்டுக்கும் மிருதங்கத்துக்கும் தன் கைக்காசைக் கொடுக்கிற நிலைமை இன்றைக்கும் இருக்கிறது. மேடையில் ஆடி வருவதைவிட வகுப்பு நடத்தி வருகிற வருமானத்தில்தான் பலர் குடும்பம் நடத்துகிறார்கள். சரி. ஆனால் இது யார் குற்றம்?

ஊர்த் திருவிழாவுக்குப் பந்தல்காரருக்குப் பணம் கொடுக்கிறோம், மைக்செட்டுக்குக் கொடுக்கிறோம். ஆட வந்த பிள்ளைக்கு மட்டும் “ஒரு வாய்ப்புக் குடுத்திருக்கோம்மா” என்கிறோம்! (சிரிப்பு) மைக்செட்டுக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். (பலத்த கைதட்டல்)

தாய்மார்களே, உங்கள் மகள் ஆடப் போகிறேன் என்றால் படிக்க வையுங்கள். படித்து முடித்ததும், கூலியைக் கூச்சப்படாமல் கேட்கவும் சொல்லிக் கொடுங்கள். 1,000 வருஷத்துக்கு முன்னால் ஆட்டக்காரிக்கு நெல் அளந்த ஊர் இது. அளக்கத் தெரிந்த நாம், அளக்காமல் இருந்துவிட்டு ‘கலை சோறு போடாது’ என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆகவே நடுவர் அவர்களே, ஆடற்கலை தருவது பிழைப்பே, பிழைப்பே என்று சொல்லி அமர்கிறேன்.