உடல் பருமன் இருந்தால் பித்தப்பை கல்லுக்கு லேப்ராஸ்கோபி செய்யலாமா?

எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டதும் வலது மேல் வயிற்றில் வலி, அது தோள்பட்டை வரை இழுக்குதா? கேஸ் என்று சோடா குடித்துவிட்டு படுத்துடாதீங்க. பித்தப்பை கல்லாகவும் இருக்கலாம். வாழைத்தண்டு சாறு இந்தக் கல்லைக் கரைக்காது.

பருமனானவர்களுக்கு துளை போட முடியுமா?

முடியும். வயிற்றைத் திறந்து செய்தால் புண் ஆற நாளாகும், சீழ் பிடிக்கும் ஆபத்தும் கூடும். அதனால் பொதுவாக 4 சிறு துளைகள் போடும் லேப்ராஸ்கோபியே முதல் தேர்வு. குறட்டை, தூக்கத்தில் மூச்சுத்திணறல் இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்பே சொல்லணும்.

எடை குறைந்த பிறகும் கல் வருமா?

வரும். எடை வேகமாக இறங்கும்போது பித்தநீரில் கொலஸ்ட்ரால் கூடி கல்லாகிறது. எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு முதல் 6 மாதம் ரிஸ்க் அதிகம். இதைத் தடுக்க உர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை தருவதுண்டு.

பைபாஸ் செய்தவர்கள் கவனத்துக்கு

பித்தநாளத்தில் கல் சிக்கினால் வாய்வழியாக எண்டோஸ்கோப்பி விட்டு எடுப்பது வழக்கம். இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு உணவுப் பாதையே மாறியிருப்பதால் அது எளிதல்ல. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை கட்டாயம் காட்டுங்க.

கல்வராயன் மலை மக்கள் என்ன செய்யலாம்?

வலி அடிக்கடி வந்தால், முற்றும் வரை காத்திருக்காமல் பகலிலேயே கீழே இறங்கி, சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்க. 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்ட கல்லூரி இது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் கையில் இருக்கட்டும். காய்ச்சல், மஞ்சள் காமாலை, நிற்காத வாந்தி இருந்தால் உடனே 108-ஐ அழைக்கணும்.